ஆடு குடித்த காவிரி

(நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டப்பட்ட 1969ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை ஒட்டி, ரெட்டியார்சத்திரத்துக்கு அடுத்த வேலங்காட்டுப்பட்டியில், கரிநாள் மாலை நடந்த விழாவில், ஆரம்பப் பள்ளி ஆசிரியை அமலராணி ஆற்றிய நன்றியுரை.)

விழாவுக்குத் தலைமை தாங்கி, தலைப்பாகை தாங்கி, கழுத்து தாங்கும் அளவுக்கு மேலும் மாலை தாங்கி அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர், பெருமதிப்புக்குரிய உடையப்பன் அவர்களே! மதுரையிலிருந்து வாடகைக் காரில் வந்து, வந்த வேகத்தில் இமயம் ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கி, கடல் கடந்து, கடாரம் வென்று, வென்ற களைப்பில் இப்போது கலர் சோடா அருந்திக்கொண்டிருக்கும் சொல்லருவி நாச்சிமுத்து அவர்களே! விழாக்குழுச் செயலாளர் பொன்னழகு அவர்களே! தை மாதக் குளிரில் எங்களுக்கெல்லாம் பல் கிட்டுகிறது, உங்களுக்கு மட்டும் சட்டை நனைய வியர்க்கிறது. ஏன் வியர்க்கிறது என்பதை இன்னும் செத்த நேரத்தில் இந்த அவைக்கு நானே சொல்லிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

முன்வரிசையில் நாற்காலி கண்ட பெரியோர்களே! நடுவரிசையில் சமுக்காளம் கண்ட தாய்மார்களே! அதோ, அந்தக் கயிற்றுக்கு அப்பால், புளியமரத்தடியில், நாற்காலியும் காணாமல் சமுக்காளமும் காணாமல் நின்றபடியே விழாக் காணும் என் கீழத்தெருத் தாய்மார்களே! உங்களுக்கும் வணக்கம். கூட்டத்துக்கு நடுவே அந்தக் கயிற்றைக் கட்டிய கைகளுக்கும் வணக்கம். இன்று கயிற்றைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு இட்ட வேலை நன்றி கூறுவது. தலைவர் அன்போடு அழைத்து ஆணையிட்டார்: "டீச்சரம்மா, பொம்பள ஒருத்தி மேடையில நின்னாத்தான் பேப்பர்க்காரன் போடுறான். ரெண்டு வார்த்த நன்றி சொல்லிட்டு எறங்கீரும்." இறங்கிவிடுகிறேன் தலைவர் அவர்களே. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவரை விட்டால் ஒருவர் கோபித்துக்கொள்வார். ஆகவே எவரையும் விடாமல், எதையும் விடாமல் நன்றி சொல்லப் போகிறேன்.

முதல் நன்றி சொல்லருவிக்கு! எப்பேர்ப்பட்ட பேச்சு! மீன்கொடி பறந்தது என்றார், புலிக்கொடி பறந்தது என்றார், விற்கொடி பறந்தது என்றார். பறந்த கொடிகளின் காற்றில் பந்தலே ஆடியது. இமயத்தின் நெற்றியில் இலச்சினை பொறித்த இனம் நாம் என்றார். கேட்டுப் பூரித்தேன். ஆனால் ஐயா, எட்டாத இமயத்தில் கொடி நட்ட இந்த இனத்தால், எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் கீழத்தெருவில் ஒரு குழாய் நட முடியவில்லையே, ஏன்? ஆழ்கடலைத் தாண்டிய நாங்கள், ஆலமரத்தடிப் பொதுக்கிணற்றின் கைப்பிடிச் சுவரைத் தாண்ட முடியவில்லையே, ஏன்? கடாரம் பக்கம், கிணறு தூரமா?

என்ன? முன்வரிசையில் யாரோ, "இந்தம்மாவுக்கு நாட்டுப்பற்றே கெடையாது" என்கிறார். யார் அவர்? எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள்.

எனக்கா பற்று இல்லை? விடியலில் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கும்போது மேற்கே கொடைக்கானல் மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மணி அடிக்க மறந்து நின்றவள் நான். சிறுமலைப் பழத்தின் தோலை உரித்தால் அறை முழுக்க வாசம். அந்த வாசம் என் நாட்டின் வாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். மழை ஓய்ந்த நாளில் நம் ஊர் வேலிகளைப் பார்த்திருக்கிறீர்களா? காந்தள் பூத்துக் கிடக்கும். எவரும் நட்டதில்லை, எவரும் நீர் வார்த்ததில்லை, எவரும் அனுமதி கொடுத்ததில்லை. மேலத்தெரு வேலியில் எந்தச் சிவப்போ கீழத்தெரு வேலியிலும் அதே சிவப்பு. அந்தப் பூவுக்கு உள்ள அறிவு போதும் எனக்கு, இந்த நாட்டை நான் நேசிக்க.

திண்டுக்கல் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். மண் இல்லாத, மரம் இல்லாத மொட்டைப் பாறை. அதன் தலையில் ஒரு கோட்டை, மழைநீரைத் தேக்கிவைக்கப் பள்ளங்கள். கல் சுமந்த தோளும், குளம் வெட்டிய கையும் யாருடையவை என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரியும். உச்சிவெயிலில் அந்தப் பாறைமேல் தாகத்தோடு நின்றவர்களுக்கு, யார் தொட்டு மொண்ட தண்ணீர் என்று விசாரிக்க நேரம் இருந்திருக்காது. நம் ஊருக்கு நேரம் இருக்கிறது. நிறைய இருக்கிறது!

அடுத்த நன்றி, நமது அரசு முத்திரைக்கு. மேடைக்கு முன்னே களிமண்ணால் நம் மாநிலத்தின் வரைபடம் செய்து, அதன் தலைமாட்டில் முத்திரைக் கோபுரத்தை வண்ணப்பொடியால் வரைந்திருக்கிறார்கள். அழகான கோபுரம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நம் ஊர்க் கோபுரத்தையும் நாங்கள் அப்படித்தான் கண்ணில் மட்டும் ஒற்றிக்கொள்கிறோம், காலால் வாசல் தாண்டியதில்லை. நான் சிலுவைக்காரி, எனக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். என் கோயிலிலும் எங்கள் தெருவுக்குத் தனி வரிசை. சாமி மாறினாலும் வரிசை மாறாத நாடு இது, அதற்கும் ஒரு நன்றி!

இனி வருகிறேன் காவிரிக்கு. அது வராமல் விழா ஏது?

புதுப் பெயர் பெற்ற நாட்டுக்குப் புனிதநீர் ஆட்ட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். திருச்சிக்கே லாரி போயிற்று. பித்தளை அண்டாவோ என்று நினைக்கும் அளவுக்குப் பெரிய குடம். மாலையில் மேளம் முழங்க, நாதசுரம் ஒலிக்க, குடம் ஊருக்குள் வந்தது. தலைவர் எதிர்கொண்டு விழுந்து வணங்கினார். களிமண் நாட்டின்மேல் ஊற்றினார். பின்பு தம் தலையில் தெளித்துக்கொண்டார். பின்பு உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். சொல்லருவியும் உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடி என்ன சொன்னார்? "ஆகா! குடகிலே பிறந்து, குன்றிலே குதித்து, சோழ மண்ணைத் தழுவி வந்த தண்ணீர் என்பதை நாக்கே சொல்கிறதே!" என்றார். உடனே இந்த மொத்தக் கூட்டமும் முண்டியடித்தது. முன்வரிசை குடித்தது, நடுவரிசை குடித்தது, கைக்குழந்தையின் வாயிலும் ஒரு சொட்டு விட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து என் கீழத்தெருப் பெண்கள், "எங்களுக்கும் ஒரு சொட்டு விடுங்க சாமி" என்று கை ஏந்தினார்கள். "காவிரித் தண்ணி ஒங்களுக்கா? தள்ளிப்போங்க" என்று துரத்தினார்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே! அந்தக் காவிரியின் வரலாற்றைச் சொல்லி அதற்கு நன்றி கூறுவதுதான் என் கடமை.

பொன்னழகு அண்ணனும் லாரி ஓட்டும் ஜெகபர் அலி அண்ணனும் விடியுமுன் புறப்பட்டார்கள். காவிரியில் இறங்கி, முறைப்படி குடத்தை நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, வாழையிலையால் மூடி, பட்டுத் துணி சுற்றி, மாலையும் போட்டு லாரியின் மூலையில் வைத்தார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. வருகிற வழியில் அய்யலூர் வந்தது. இன்று வியாழன், ஆட்டுச்சந்தை. லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வெறும் வண்டியாகத் திரும்ப மாட்டார்கள். ஆடு ஏற்றினார்கள்.

"ஏப்பா ஜெகபரு, சாமித் தண்ணி இருக்கிற வண்டியில ஆடா?" என்று பொன்னழகு அண்ணன் பதறியிருக்கிறார்.

"கொடம் மூலையில இருக்கு, ஆடு நடுவுல இருக்கு. அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது. வெறும் வண்டியக் கொண்டுபோனா மொதலாளி என்னைய உரிச்சுருவாருண்ணே" என்றாராம் ஜெகபர் அலி.

ஆனால் ஆடு ஆடுபாட்டுக்கு இருக்குமா? பசித்த ஆட்டின் எதிரே மாவிலையும் வாழையிலையும் வைத்தால் அது வணங்கிவிட்டு நகருமா? மாவிலையைத் தின்றன. வாழையிலையைத் தின்றன. மாலையை நாரோடு தின்றன. தேங்காயை உருட்டிவிட்டன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைக் குடத்துக்குள் விட்டு, குடகிலே பிறந்து குன்றிலே குதித்து வந்த காவிரியைக் குடித்தன. குடித்து முடித்த திருப்தியில் குடத்தைக் கவிழ்த்தும் விட்டன. திண்டுக்கல்லில் ஆடுகளை இறக்கியபோது குடத்தில் இருந்தது ஆட்டுப்புழுக்கை மட்டும்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஜெகபர் அண்ணே, லாரிமேல் உட்கார்ந்துதானே கூட்டம் கேட்கிறீர்கள், நான் சொன்னதில் பொய் உண்டா?

"நெசந்தேன் டீச்சர், அம்புட்டும் நெசந்தேன்!"

கேட்டீர்களா? கேட்டாயிற்று அல்லவா? இப்போது முன்வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நாம குடிச்சது எந்தத் தண்ணி?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். தலைவர் பொன்னழகு அண்ணனைப் பார்க்கிறார். பொன்னழகு அண்ணன் பூமியைப் பார்க்கிறார். மைக்செட்டுக்காரத் தம்பி, உன்னை யாரோ கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். நீ மைக்கை அணைத்தாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது, புளியமரம் வரை கேட்கும்.

வழியில் நின்று தண்ணீர் தேட நேரம் இல்லை, ஊர் எல்லையில் மேளம் கொட்டியாகிவிட்டது. தலைவர் மாலையோடு நிற்கிறார். குடம் காலி. பொன்னழகு அண்ணன் என்ன செய்வார் பாவம்? பொதுக்கிணற்றுக்குப் போக முடியாது, அங்கேதான் ஊரே கூடியிருக்கிறது. எல்லைக்கு முன்னால் ரோட்டோரம் இருக்கும் ஒரே கிணறு எது? எங்கள் கிணறு! மழைக்குக் கொஞ்சம் ஊறி, மாசியில் கலங்கி, பங்குனியில் வறண்டுபோகிற கீழத்தெருக் கிணறு! அந்த நேரம் நானும் அங்கே நின்றேன். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் பேச்சாயி.

பேச்சாயி யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போன சித்திரையில் எங்கள் கிணறு வற்றிக் கிடந்தது. வழக்கப்படி பொதுக்கிணற்றடியில் குடத்தோடு நின்றாள். எங்கள் பெண்கள் கயிற்றைத் தொடக் கூடாது, யாராவது இறைத்து ஊற்றும்வரை நிற்க வேண்டும், அதுதானே இந்த ஊர்ச் சட்டம்? வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டு நாக்கு வறண்டு கிடந்தது. மேலத்தெருவில் ஒரு கல்யாணம், கிணற்றடிக்கு ஒருவரும் வரவில்லை. "யாராச்சும் ஒரு கொடம் ஊத்துங்க தாயி" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். கிணற்றுக்குள் தண்ணீர் தெரிகிறது. கப்பியில் கயிறு தொங்குகிறது. பெற்றவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள்? கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டாள். அதைப் பார்த்துவிட்ட மேலத்தெருக்காரர்கள் ஓடிவந்து அவள் குடத்தை உடைத்தார்கள். கிணற்றுக்குக் கோமியம் தெளித்துச் சாங்கியம் செய்தார்கள்.

நான் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்கிறேன். "தண்ணி எல்லாருக்கும் பொதுத்தான் டீச்சரம்மா. கயிறுதான் பொது இல்ல." தீண்டாமை குற்றம் என்று சட்டம் போட்ட நாட்டில், ஒரு சணல் கயிற்றில் அந்தச் சட்டத்தைச் சுற்றிக் கிணற்றில் போட்டார் நம் தலைவர். அந்தச் சொல்வன்மைக்கும் ஒரு நன்றி!

பேச்சாயி பிள்ளை பிழைத்தது. இந்த ஊரின் கருணையால் அல்ல. கிணற்றடியில் மாடு குடிக்கும் தொட்டி இருக்கிறதே, அதில் மொண்டுபோன தண்ணீரால் பிழைத்தது. மாட்டோடு பங்குபோட எங்களுக்குத் தடை இல்லை.

அந்தப் பேச்சாயியின் முன்னால்தான் இன்று மாலை பொன்னழகு அண்ணன் பித்தளைக் குடத்தோடு வந்து நின்றார். "ஏத்தா பேச்சாயி, ஒரு கொடம் தண்ணி. சீக்கிரம்!"

அவள் திகைத்தாள். "எங்க கெணத்துத் தண்ணியா சாமி? ஒங்களுக்கு ஆகுமா?"

"ஆகும் ஆகும், ஊத்து. மேளம் கொட்டுறான் பாரு."

நான் சொன்னேன். "அண்ணே, வேண்டாம். ஆடு குடித்துவிட்டது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சிரித்துவிட்டுப் போவார்கள்."

"ஐயய்யோ டீச்சர், காவிரி இல்லேன்னா தலைவரு என்னைய ஊருக்குள்ள விடமாட்டாரு. தண்ணியில என்ன இருக்கு, எல்லாம் ஒண்ணுதேன்!"

ஆகா! தண்ணியில என்ன இருக்கு, எல்லாம் ஒண்ணுதேன்! சொல்லருவி அவர்களே, இந்த விழாவில் இன்று பேசப்பட்ட அத்தனை பேச்சிலும் உண்மையான பேச்சு அந்த ஒரு வரிதான். மைக் இல்லாமல், மாலை இல்லாமல், கைதட்டல் இல்லாமல் பேசப்பட்டது. பொன்னழகு அண்ணே, உங்களைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதீர்கள். இத்தனை காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்து, எங்கள் கையால் தண்ணீர் கேட்டு வாங்கிய முதல் மேலத்தெரு மனிதர் நீங்கள். உங்களுக்குத்தான் என் மனமார்ந்த நன்றி.

பேச்சாயி குடத்தைக் கழுவிவிட்டு இறைத்தாள். தன் கயிற்றால், தன் வாளியால், தன் கையால் இறைத்து ஊற்றினாள். அதைத்தான் ஊர் குடித்தது. அவளைக் கேட்காமல் இதை நான் சொல்லவில்லை. கேட்டேன். "சொல்லு டீச்சரு. என் கொடம் ஒடஞ்சது ஊருக்கே தெரியும். என் தண்ணியக் குடிச்சதும் ஊருக்குத் தெரியட்டும்" என்றாள். அதோ கயிற்றுக்கு அப்பால் நிற்கிறாள். தான் இறைத்த தண்ணீரில் ஒரு சொட்டுக் கேட்டுத் துரத்தப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி!

உட்காருங்கள்! எங்கே எழுந்து ஓடுகிறீர்கள்? தலை முழுகவா? முழுகுங்கள், யார் வேண்டாம் என்றது? எந்தத் தண்ணீரில் முழுகுவீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் சட்டத்தை உங்களுக்கே நான் சொல்லித்தருகிறேன், நான் டீச்சர் அல்லவா? கீழத்தெருத் தண்ணீர் தீட்டு. தீட்டுப்பட்ட கை பொதுக்கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. தலைவர் அவர்களே, உங்கள் தலையில் தெளித்திருக்கிறது. சொல்லருவி அவர்களே, உங்கள் தொண்டைக்குள் போயிருக்கிறது. முன்வரிசையே, நடுவரிசையே, உங்கள் வயிற்றில் இருக்கிறது. இனி உங்களில் யார் அந்தக் கயிற்றைத் தொடுவது? ஒருவரும் இல்லை! உங்கள் சட்டப்படி நாளைக் காலை நீங்களும் குடத்தோடு வந்து, எங்களோடு வரிசையில் நின்று, "யாராச்சும் ஊத்துங்க தாயி" என்று கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவோம். யார் வந்து ஊற்றுவார்கள்? இந்த விழாவின் பெயரால் உண்மையான காவிரியைக் குடித்துப் புனிதம் கெடாமல் இருப்பவை அய்யலூர் ஆடுகள் மட்டும்தான். அவற்றைத்தான் அழைத்துவந்து கயிற்றைக் கொடுக்க வேண்டும். ஆனால் இன்று கரிநாள், வீட்டுக்கு வீடு கறிச்சோறு. அவை இந்நேரம் திண்டுக்கல்லில் குழம்பாகியிருக்கும்!

சிரிப்பு வருகிறதா தலைவர் அவர்களே? எனக்கு வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. பெயர் வாங்கிவிட்டோம். அருமையான பெயர், என் நெஞ்சு நிமிர்கிற பெயர். அந்தப் பெயரை அந்தக் களிமண்மேல் எழுதி, அதன்மேல் நீர் ஊற்றினீர்கள். பாருங்கள், கரைந்து கிடக்கிறது. நாடு களிமண்ணில் இல்லை. கொடியில் இல்லை, குடத்தில் இல்லை, கோபுரப் படத்தில் இல்லை. அம்மை போட்ட பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்டு நிற்கிறவளுக்கு அது கிடைக்கிற இடம்தான் நாடு. அது கிடைக்காத இடத்துக்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது வெறும் பெயர்ப்பலகை!

தலைவர் அவர்களே, மாசிக்கு அதிக நாள் இல்லை. எங்கள் கிணறு வற்றப்போகிறது. இன்னொரு சித்திரையில் எங்கள் பெண்கள் அங்கே கைகட்டி நிற்க மாட்டார்கள். நாளை விடிந்ததும் பேச்சாயி பொதுக்கிணற்றுக்கு வருகிறாள். நானும் வருகிறேன். அவள் கயிற்றை விடுவாள். தடுக்க விரும்புகிறவர்கள் வரலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. இன்று மாலை அவள் கைத்தண்ணீரைக் குடிக்காதவர் மட்டும் வந்து தடுங்கள்.

ஒருவர்கூட இல்லையா?

இல்லை என்றால் என் நன்றியுரை முடிந்தது. ஆடு ஏற்றிய ஜெகபர் அலி அண்ணனுக்கும், குடம் கவிழ்த்த ஆடுகளுக்கும், காவிரி என்று நம்பி எங்கள் கிணற்றைத் தலையில் வைத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், இவ்வளவு நேரம் திட்டு வாங்கியும் எழுந்து போகாத பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் நன்றி. கீழத்தெருத் தாய்மார்களே, வீட்டுக்குப் போகும்போது சுற்றிப் போக வேண்டாம், பந்தலுக்கு நடுவே நடந்து போங்கள். பேச்சாயி, போகிற வழியில் அந்தக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள். நல்ல சணல் கயிறு, காலையில் கிணற்றுக்கு ஆகும்.

வாழ்க தமிழ்நாடு! அனைவருக்கும் வணக்கம்.